கேஸ் ஷீட்டிலேயே தங்கிப்போன பதில்

2014 செப்டம்பர் 25ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு தாமஸ் எரிக் டங்கன் என்பவர் காய்ச்சலும் வயிற்றுவலியுமாக வந்தார். ஐந்து நாட்களுக்கு முன்புதான் லைபீரியாவிலிருந்து அந்த ஊரில் வந்து இறங்கியவர். அந்த வாரங்களில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எபோலா குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. முதலில் அவரைப் பார்த்த செவிலியர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருப்பதாக டங்கனும் சொன்னார். செவிலியர் அதைக் கணினியில் பதிந்தும் வைத்தார். நள்ளிரவு தாண்டி, ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த நேரத்தில் காய்ச்சல் 103 டிகிரி வரை ஏறியதும் அதே பதிவில் இருக்கிறது. 28ஆம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். 30ஆம் தேதி எபோலா உறுதியானது. அக்டோபர் 8ஆம் தேதி இறந்துபோனார். அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களில் இருவருக்கு நோய் தொற்றியது. நல்லவேளை, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனைத் தொற்றுத்தடுப்பு வேலையில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஆனால் பெரும்பாலான பயிற்சி வகுப்புகளில் இதற்குச் சொல்லப்படும் பாடம் தவறானது என்பது என் எண்ணம். “பயண விவரம் கேட்க மறக்காதீர்கள்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். டாலஸில் யாரும் கேட்க மறக்கவில்லை. கேட்டார்கள், பதில் கிடைத்தது, எழுதியும் வைத்தார்கள். செவிலியர் பதிந்தது டாக்டரின் திரைக்கு வராதபடி மென்பொருள் அமைந்திருந்தது என்று மருத்துவமனை முதலில் காரணம் சொன்னது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, டாக்டரும் பார்க்கும் இடத்தில்தான் அந்தத் தகவல் இருந்தது என்றது. எபோலாவைப் பற்றி எச்சரிக்கும் சுற்றறிக்கைகள் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அந்தக் கோடையிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. ஆக, கேள்வி, பதில், பதிவு, சுற்றறிக்கை எல்லாமே இருந்தன. அந்தப் பதிலைப் பார்த்ததும் “இவரை இனி ஒரு அடி நகர்த்தக்கூடாது” என்று சொல்வது யார் பொறுப்பு என்பது மட்டும் தீர்மானிக்கப்படாமல் இருந்தது. பயணிகளிடம் தொற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் மருத்துவமனையின் பொறுப்பு என்ன என்று கேட்டால், என் பதில் இதுதான்: கேட்பது பொறுப்பில் கால்பங்கு. கிடைத்த பதில் நோயாளியை நிறுத்த வேண்டும். நிறுத்தும் அதிகாரம் அந்தப் பதிலை முதலில் கேட்டவர் கையிலேயே இருக்க வேண்டும்.

இதே நோய் இரண்டு மாதம் முன்னால் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்கு வந்திருந்தது. 2014 ஜூலை 20ஆம் தேதி, லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த பேட்ரிக் சாயர் என்ற அதிகாரி விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் என்பதால் அவரை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மலேரியா என்று சிகிச்சை தொடங்கியது. எபோலா நோயாளி யாரோடும் தனக்குத் தொடர்பு கிடையாது என்று அவர் அடித்துச் சொன்னார். அங்கே மூத்த மருத்துவராக இருந்த அமேயோ ஸ்டெல்லா அடாடேவோ அதுவரை ஒரு எபோலா நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. அந்த நாட்டுக்கே அது புதிய நோய். ஆனாலும் லைபீரியா என்ற ஊர்ப்பெயரும், மருந்துக்கு அடங்காத காய்ச்சலும், ரத்தக்கசிவும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. அந்த அதிகாரி ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியவர், அனுப்பிவிடுங்கள் என்று லைபீரியத் தரப்பிலிருந்து நெருக்கினார்கள். அடாடேவோ அசையவில்லை. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை நோயாளியை வெளியே விடவே இல்லை. நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்கு நோய் வந்தது, 8 பேர் இறந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களை, 900க்குக் கொஞ்சம் குறைவான பேரை, தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். அக்டோபர் 20ஆம் தேதி நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு கோடி மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் நகரத்தில் இது நடந்தது. அறிவிப்பைக் கேட்க டாக்டர் அடாடேவோ இல்லை. இறந்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர். ஆகஸ்ட் 19ஆம் தேதி காலமானார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, “நோயாளி உண்மையைச் சொன்னால்தானே நாங்கள் எதையாவது செய்ய முடியும்” என்ற வழக்கமான வாதம் நிற்பதில்லை. டாலஸில் நோயாளி வந்த இடத்தைச் சொன்னார், விட்டுவிட்டார்கள். லாகோஸில் நோயாளி மறுத்தார், பிடித்து நிறுத்தினார்கள். மறைப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். 2022 ஜூலையில் கேரளத்தில் இறந்த ஓர் இளைஞருக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலேயே குரங்கம்மை உறுதியாகியிருந்த விஷயம் மருத்துவமனைக்குக் கடைசி நாளில்தான் தெரியவந்தது. ஆனால் மறைப்பு என்று நாம் கணக்கெழுதுவதில் பெரும்பகுதி மறைப்பே அல்ல, நம் கேள்வியின் கோளாறு. “எங்கயாவது டிராவல் பண்ணீங்களா?” என்று கேட்டால், துபாயில் ஆறு வருடமாக வேலை பார்த்து லீவில் வந்திருப்பவர் இல்லை என்றுதான் சொல்வார். அவர் எங்கேயும் போகவில்லை, ஊருக்கு வந்திருக்கிறார். “வெளியூர் போனீங்களா?” என்றாலும் அதே பதில்தான். “போன மாசம் எந்தெந்த ஊர்ல ராத் தங்குனீங்க? வீட்டுக்கு யாராவது வெளிநாட்டுல இருந்து வந்தாங்களா?” என்று கேட்டால் விமானம், விமான நிலையம், பக்கத்து இருக்கையில் இருமிக்கொண்டு வந்தவர் வரை எல்லாம் வந்துவிடும். எபோலா தொற்றியவரிடம் அறிகுறி தெரிய 21 நாள் வரை ஆகலாம், மெர்ஸ் நோய்க்கு 14 நாள் வரை ஆகலாம். ஆகவே கேள்வியில் ஊரோடு நாளும் இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கற்றுக்கொடுக்காமல் நோயாளியைப் பொய்யர் என்பது நியாயமில்லை.

வீட்டில் இருப்பவரின் பயணத்தையும் கேட்க வேண்டும் என்பதை எங்கள் துறை 2003இல் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்த ஒரு நோயாளி தங்கினார். அங்கிருந்து சார்ஸ் பல நாடுகளுக்குக் கிளம்பிப் போனது. அங்கே தங்கித் திரும்பிய ஒரு மூதாட்டி டொராண்டோவில் மார்ச் 5ஆம் தேதி வீட்டிலேயே இறந்தார். இரண்டு நாள் கழித்து அவர் மகன் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார். மகன் எங்கும் பயணம் போகவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில், திரைச்சீலை மட்டுமே தடுப்பாக இருந்த பொது அறையில், பல மணி நேரம் மற்ற நோயாளிகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். நெபுலைசரும் வைத்தார்கள், இருமலில் இருந்த கிருமியை அறை முழுக்கத் தூவிவிடும் வேலையை அது செய்தது. அடுத்தடுத்த கட்டில்காரர்கள், அவர்கள் வீட்டார், செவிலியர்கள் என்று பரவி, கனடாவில் அந்த நோய் 44 பேரைக் கொன்றது. ஏறக்குறைய எல்லா மரணமும் டொராண்டோ வட்டாரத்தில்தான். இதில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது இன்னொன்று. அதே மார்ச் 7ஆம் தேதி, அதே ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த இன்னொருவர் அதே நாட்டின் வான்கூவர் பொது மருத்துவமனைக்கு வந்தார். அவரைச் சில நிமிடங்களிலேயே பொது இடத்திலிருந்து விலக்கித் தனியறைக்குக் கொண்டுபோனார்கள். அவரிடமிருந்து ஊரில் நோய் பரவவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தது மார்ச் 12ஆம் தேதி. அதற்கு ஐந்து நாள் முன்பு, பெயர்கூட வைக்கப்படாத ஒரு நோயை அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆசியாவிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தால் கவனியுங்கள் என்று வான்கூவர் இருக்கும் மாகாணத்தின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்தவர்கள் அதைப் படித்ததோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். பின்னால் விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்ப்பெல் ஆணையம் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு, விஞ்ஞான உறுதி வரும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்தமாக எழுதியது. அதிர்ஷ்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டுதான். வாசலிலேயே விலக்கிவைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் அந்த அதிர்ஷ்டம் வந்தும் பயன் இருந்திருக்காது.

இங்கே நம் ஊர் மருத்துவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில், காய்ச்சலோடு வருகிறவரை எல்லாம் தனியறையில் வைக்க எங்கே போவது? கேள்வி சரி. ஆனால் விலக்கிவைப்பது என்றாலே காற்றழுத்தம் குறைத்த தனியறை என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடத்துக்கு வேண்டியவை ஒரு முகக்கவசம், மற்றவர்களிடமிருந்து தள்ளிப்போட்ட ஒரு நாற்காலி, திறந்த ஜன்னல், “இவரை எக்ஸ்ரேக்கு அனுப்பாதீங்க, டாக்டர் இங்கே வந்து பார்ப்பார்” என்று சொல்ல ஒரு ஆள். மருத்துவமனைக்குள் நோய் பரவும் இடங்களில் ஒன்று நோயாளி நடக்கும் பாதை: பதிவு கவுன்ட்டர், ரத்தம் எடுக்கும் இடம், எக்ஸ்ரே வாசல் பெஞ்ச், லிப்ட். அந்த நடையை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. காய்ச்சலோடு வரும் எல்லோரையும் நிறுத்த வேண்டியதும் இல்லை. காய்ச்சல், ஊர், நாள் மூன்றும் ஒருசேரப் பொருந்துகிறவர்களை மட்டும் நிறுத்தினால் போதும். ஒரு சாதாரண நாளில் அப்படி வருபவர்கள் மிகச் சிலரே.

விமான நிலையத்திலேயே பிடித்துவிட வேண்டியதுதானே என்பார்கள். மன்ரோவியாவில் விமானம் ஏறும் முன் டங்கனுக்கு வெப்பநிலை பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. இருக்கவும் முடியாது, நோய் அவருக்குள் அப்போது அரும்பிக்கொண்டுதான் இருந்தது. சார்ஸ் காலத்தில் கனடா தன் விமான நிலையங்களில் லட்சக்கணக்கான பயணிகளைச் சோதித்தது. ஒரு சார்ஸ் நோயாளிகூட அந்தச் சோதனையில் அகப்படவில்லை. விமான நிலையச் சோதனையால் பயணி கையில் ஒரு துண்டறிக்கையும் மனதில் ஓர் எச்சரிக்கையும் தங்கும், அது நல்லதே. ஆனால் நோய் வெளியே தலைகாட்டும்போது அந்த மனிதர் நிற்பது நம் வாசலில்தான். அதுமட்டுமல்ல, எபோலா போன்ற நோயில் வாந்தியும் பேதியும் முற்றும்போதுதான் தொற்றும் வேகம் உச்சத்துக்குப் போகிறது. டங்கனோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தார் ஒருவருக்கும் நோய் வரவில்லை. கடைசி நாட்களில் அவரைத் தொட்டுக் கழுவிய செவிலியர்களுக்கு வந்தது. வாசலில் ஏமாந்தால் முதலில் பலியாவது மருத்துவமனை ஊழியர்தான்.

மருத்துவமனையே நோயைப் பெருக்கும் இடமாக மாறியதை 2015இல் தென் கொரியா காட்டியது. பஹ்ரைன் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டு மே 4ஆம் தேதி திரும்பிய 68 வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது. ஒரு மருத்துவமனை சரிப்படவில்லை என்று இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று போனார். நாமும் அப்படித்தானே போகிறோம். கடைசியில் சியோலில் ஒரு டாக்டர் மெர்ஸ் என்று சந்தேகித்துப் பரிசோதனை கேட்டபோது, பஹ்ரைனில் மெர்ஸ் கிடையாதே என்று அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். மே 20ஆம் தேதி உறுதியாவதற்குள் நோய் பல வார்டுகளுக்குப் போய்விட்டது. அவர் இருந்த மருத்துவமனையில் தொற்றிக்கொண்ட இன்னொருவர், பதினான்காம் நோயாளி என்று பதிவுகளில் இருப்பவர், சியோலின் சாம்சங் மருத்துவமனை அவசரப் பிரிவில் மே 27 முதல் 29 வரை மூன்று நாள் கிடந்தார். அவர் மூலம் 82 பேருக்குத் தொற்றியது. அதில் 33 பேர் நோயாளிகள், 8 பேர் ஊழியர்கள், மீதி 41 பேர் துணைக்கு வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும். கட்டிலோரம் ஒரு ஆள் துணைக்கு இருந்தே ஆக வேண்டும் என்ற வழக்கம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. நம் வார்டுகளில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்மார்களை நினைத்தால் அந்த 41 என்ற எண் வயிற்றைக் கலக்குகிறது. இந்தப் பதினான்காம் நோயாளி வெளிநாடு போனவர் அல்ல; ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்குப் போனதுதான் அவருடைய பயணம். ஆகையால் “இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரியில் இருந்தீங்க?” என்பதும் பயணக் கேள்விதான். மொத்தம் 186 பேருக்கு நோய், 38 மரணம்.

மூன்று ஆண்டு கழித்து அதே மருத்துவமனைக்கு மறுபடியும் மெர்ஸ் வந்தது. 2018 செப்டம்பர் 7ஆம் தேதி, குவைத்திலிருந்து திரும்பிய 61 வயதுக்காரர் ஒருவர் பேதியால் களைத்துச் சக்கர நாற்காலியில் இன்சியான் விமான நிலையத்தைக் கடந்தார். காய்ச்சல் இல்லை என்று சோதனையில் விட்டுவிட்டார்கள். அவர் தெரிந்த டாக்டருக்கு போன் செய்துவிட்டு, டாக்சி பிடித்து நேரே சாம்சங் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பாதுகாப்பு உடை போட்ட ஊழியர்கள் காத்திருந்து, அவசரப் பிரிவுக் கூட்டத்துக்குள் கால் வைக்க விடாமல் நேரே தனி இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மெர்ஸ் உறுதியானது. அவரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை. அதே நோய், அதே கட்டடம்; நடுவில் மூன்று ஆண்டுகள்தான். 2015க்குப் பிறகு அந்த நாட்டில், டாக்டர் மருந்து எழுதும் கணினியிலேயே நோயாளி அண்மையில் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பது தெரியும்படி செய்தார்கள். கருவி நல்லதுதான். அதைவிட, போன் வந்ததும் எழுந்து உடையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போன ஊழியர்களை நான் உயர்வாக நினைக்கிறேன். வாசலுக்குப் போக அவர்களுக்கு அனுமதி இருந்தது, ஒத்திகை பார்த்த பழக்கமும் இருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கை வேறொரு விதமான பாடம். 1963இல் அந்த நாட்டில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். ஒழிந்தது என்று கவனம் தளர்ந்ததும், 1969இல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி பல பத்தாண்டுகள் உழைத்து, போருக்கு நடுவிலும் விடாமல் செய்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் பெற்றார்கள். இப்போது அங்கே மலேரியா வருவது பயணிகளோடு மட்டும்தான்: ஆப்பிரிக்காவுக்கு ரத்தினக்கல் வாங்கப் போனவர்கள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்து திரும்பியவர்கள், இந்தியாவிலிருந்து வருபவர்கள். மலேரியாவை நேரில் பார்த்தே இராத இளம் டாக்டர்கள் காய்ச்சல் என்றதும் டெங்குவைத்தான் நினைக்கிறார்கள். அந்தத் தாமதத்தில் நோயாளி ஆபத்தான நிலைக்குப் போய்விடலாம், கொசுவும் கடித்துவிடலாம். சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவை 2016 இறுதியில் மன்னாரிலும் கண்டுபிடித்தார்கள். கொசு வந்து சேர்ந்துவிட்டது. இனி ஒட்டுண்ணி வந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது கேள்வி கேட்கும் டாக்டர்தான். ஒரு நோய் குறையக் குறைய, அதை நினைவில் வைத்திருக்கும் சுமை மருத்துவமனை மேல் கூடுகிறது.

தனியார் மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு பயம் உண்டு, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பெயர் வெளியே வந்தால் ஓ.பி. காலியாகிவிடும். தென் கொரிய அரசேகூட அந்தப் பயத்தை மதித்து மருத்துவமனைப் பெயர்களை வெளியிடாமல் வைத்திருந்தது. 2015 ஜூன் 7ஆம் தேதி பட்டியல் வருவதற்குள் மக்கள் தாங்களாகவே வதந்திப் பட்டியல் தயாரித்துவிட்டார்கள், எந்த வாசலைத் தவிர்ப்பது என்று தெரியாமல் எல்லா வாசலையும் தவிர்த்தார்கள். நோயாளி பக்கத்திலும் பயம் உண்டு. ஆப்பிரிக்கர் என்பதால், வளைகுடாவிலிருந்து வந்தவர் என்பதால், சீன முகம் என்பதால் ஒதுக்கப்படுவோமோ என்ற பயம். இது வெறும் கற்பனை இல்லை. 2020இல், கொரோனா காலத்தில், நம் தெருக்களில் வீட்டுக்கதவில் ஒட்டிய நோட்டீஸ் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். அதற்கு மருந்து, கேள்வியைக் கைவிடுவது அல்ல. தோலையும் பெயரையும் பார்த்து ஒருசிலரிடம் மட்டும் கேட்டால் அது அவமானம். வாசலில் வருகிற எல்லோரிடமும், ஐ.டி. கம்பெனி மேலாளரிடமும் கட்டடத் தொழிலாளியிடமும், ஒரே வார்த்தைகளில் கேட்டால் அது வழக்கம் ஆகிவிடும். முகக்கவசத்தைக் கையில் கொடுக்கும்போது “உங்களுக்கு முதல்ல பார்த்துடுவோம், அதுக்குத்தான்” என்று சொல்லி, சொன்னபடியே முதலில் பார்க்கவும் வேண்டும். உண்மை சொன்னவரை நாலு மணி நேரம் மூலையில் உட்கார வைத்தால், அடுத்தவர் சொல்லமாட்டார்.

கடைசியாக, எங்களுக்குள்ளேயே வரும் எதிர்ப்பு: நிறுத்திய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒன்றும் இருக்காது, வீண் ஆர்ப்பாட்டம் என்பது. பத்துக்குப் பத்தும் வீணாகலாம் என்றுதான் நான் சொல்வேன். பெரும்பாலான மருத்துவமனைகள் தம் ஆயுளில் ஒரு எபோலா நோயாளியையும் பார்க்கப்போவதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தன் பொறுப்பில் ஒரு நோயாளியை நிறுத்தி, டியூட்டி டாக்டரை எழுப்பி, எக்ஸ்ரேயைத் தள்ளிவைத்திருக்கிறார் என்றால், காலை ஹேண்டோவரில் அவரிடம் மூத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் அடுத்த இரவு இருக்கிறது. “இதுக்கா இவ்வளவு?” என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை அவர் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுக் கட்டில் ஒதுக்கிவிடுவார். அப்படிச் சொல்ல நியாயமும் இல்லை. காங்கோவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ வந்த அந்த நோயாளியிடம் ஊரும் நாளும் கேட்டு நிறுத்தியதால்தான் அந்த இரவே அவர் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுத்தார்கள். காலையில் முடிவு ஃபால்சிபாரம் மலேரியா என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். நாலு நாள் தாமதித்தால் மூளைக்குப் போய் ஆளையே கொல்லக்கூடிய நோய் அது. அதற்குரிய மாத்திரையின் முதல் வேளை விடிவதற்குள் அவர் வயிற்றுக்குள் போயிருக்கும்.